நகையும் மறுப்பும்: தொலைக்காட்சி நகைச்சுவை வழியே போலி அறிவியலை மறுத்தல் – மொழியியல், மொழிபெயர்ப்பு நோக்கு

0. முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் என்று வகுக்கிறது. இவற்றுள் மடன் என்பதற்குக் கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் என்னும் பொருள் உண்டு. ஆராயாது ஏற்கும் நம்பிக்கையையும் (மடன்) அதனைப் பழிக்கும் சொல்லையும் (எள்ளல்) ஒரே சுவையின் இருவேறு ஊற்றுகளாகக் கண்ட இப்பகுப்பு, இக்காலத் தொலைக்காட்சி நகைச்சுவையின் ஒரு தனி வகையை ஆராய்வதற்கும் பயன்படுகிறது. போலி அறிவியலையும் மக்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளையும் நகைச்சுவையால் மறுக்கும் நிகழ்ச்சிகளே அவ்வகை.

போலி அறிவியல் என்பது, அறிவியலின் சோதனை முறைக்கு உட்படாமல் அறிவியலின் சொற்களையும் தொடரமைப்பையும் மட்டும் மேற்கொள்ளும் கூற்றுகளைக் குறிக்கும். எனவே அதன் ஆற்றலின் பெரும்பகுதி மொழியைச் சார்ந்தது. அதனை மறுக்கும் நகைச்சுவையும் மொழியையே களமாகக் கொள்கிறது. இத்தகைய நிகழ்ச்சி ஒன்று வேறு மொழிக்கு வரும்போது, மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு பிற நகைச்சுவைகளைப் பெயர்ப்பதைவிட மிகுதியாகிறது. பொதுவான ஒரு நகைச்சுவை பெயர்ப்பில் தோற்றால் சிரிப்பு மட்டுமே இழப்பாகும். மறுப்பு நகைச்சுவை தோற்றால், எள்ளல் மறைந்து, எள்ளப்பட்ட கூற்று மட்டும் செய்தியாக எஞ்சி நிற்கும். மருத்துவம் பற்றிய கூற்றாயின் அதன் விளைவு பார்வையாளரின் உடல்நலத்தைத் தொடும்.

ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மூன்றையும் இந்தியத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த ஒரு நேரலையையும் சான்றாகக் கொண்டு, இவ்வகை நகைச்சுவையின் மொழி அமைப்பையும் அதனைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. மறுப்பு நகைச்சுவையின் அமைப்பு

நகைச்சுவைப் பனுவல் ஒவ்வொன்றிலும் ஒன்றோடொன்று முரண்படும் இரு பொருட்சட்டகங்கள் ஒரே தொடரில் பொருந்தி நிற்கும் என்பது விக்டர் ரஸ்கின் 1985இல் முன்வைத்த கொள்கை. மறுப்பு நகைச்சுவையில் இவ்விரண்டனுள் ஒன்று, உலகில் உண்மையாகவே சிலரால் நம்பப்படும் கூற்றாகும். மற்றொன்று அன்றாட அனுபவம். கூற்று முதலில் மறுக்கப்படுவதில்லை, முழுமையாக ஏற்கப்படுகிறது. பின்னர் அது செல்ல வேண்டிய இடம் வரை கொண்டு செல்லப்படுகிறது. அங்கு அனுபவத்தோடு மோதி அது தானே உடைகிறது. தருக்க நூலார் ஒரு கோளை அதன் முடிவு வரை நடத்தி அதன் குற்றத்தைக் காட்டும் முறைக்கு இது ஒப்பாகும்.

இம்முறை பயன்தர வேண்டுமாயின், பார்வையாளர் மூலக்கூற்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். கூற்றை அறியாதவர்க்கு நிகழ்ச்சி வெறும் கோமாளித்தனமாகவே தோன்றும். எனவே பார்வையாளரின் முன்னறிவு எது என்பதே மொழிபெயர்ப்பாளர் எழுப்ப வேண்டிய முதல் வினா.

2. நீர்த்தலும் வீரியமும்

பிபிசி 2 அலைவரிசையில் 2006 முதல் 2010 வரை ஒளிபரப்பான ‘தட் மிட்செல் அண்ட் வெப் லுக்’ நிகழ்ச்சியின் மூன்றாம் தொடரில் (2009) ஹோமியோபதி முறையில் இயங்கும் விபத்துச் சிகிச்சைப் பிரிவு ஒன்று குறுநாடகமாகக் காட்டப்பட்டது. டேவிட் மிட்செலும் ராபர்ட் வெப்பும் மருத்துவர்களாக நடித்தனர். கார் மோதி உயிருக்குப் போராடும் ஒருவர் உள்ளே கொண்டுவரப்படுகிறார். மருத்துவர்கள் பரபரப்புடன் கட்டளையிடுகின்றனர். மோதிய வண்டியின் ஒரு துணுக்கை நீரில் இட்டுக் குலுக்கி, நீர் சேர்த்து, மீண்டும் குலுக்கி, சில துளிகளை நாவில் இடவேண்டும் என்பதே அக்கட்டளைகளின் சாரம். உள்ளங்கையில் ஆயுள் ரேகையைப் பேனாவால் நீட்டிப் பார்க்கும் யோசனையும் எழுகிறது. நோயாளி இறக்கிறார். பின்னர் மதுக்கூடத்தில் அமரும் மருத்துவர்களுக்கு ஒரு குவளை நீரில் ஒரு துளி பீர் விட்டுத் தரப்படுகிறது.

இந்நாடகம் சாமுவேல் ஹானிமனின் (1755–1843) இரு கோட்பாடுகளைச் சிதைக்காமல் பின்பற்றுகிறது. நோயை உண்டாக்குவதே அதனைத் தீர்க்கும் என்பது ஒன்று. மோதிய வண்டியே மருந்தாவதற்கு இதுவே காரணம். நீர்க்க நீர்க்க மருந்தின் ஆற்றல் பெருகும் என்பது மற்றொன்று. நூற்றுக்கு ஒன்றாக 30 முறை நீர்க்கப்பட்ட மருந்தில், மூலப்பொருள் 1-ஐ அடுத்து 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்காகிவிடும். ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 6.022-ஐ 10-இன் 23ஆம் அடுக்கால் பெருக்கியது. எனவே 12ஆம் படியைக் கடந்த பின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. இக்கணக்கை நாடகம் எங்கும் கூறவில்லை. மதுக்கூடத்துக் குவளை அதனைக் காட்டிவிடுகிறது.

தமிழில் இந்நாடகத்திற்கு எதிர்பாராத ஒரு வாய்ப்பு உள்ளது. தமிழகத்து ஹோமியோபதி வழக்கில் மருந்தின் நிலை ‘வீரியம்’ எனப்படுகிறது. 30 வீரியம், 200 வீரியம் என்பன புழக்கத்தில் உள்ள தொடர்கள். பொது வழக்கிலோ ‘நீர்த்துப்போதல்’ என்பது வலுவிழத்தலைக் குறிக்கும் உருவகம். சட்டம் நீர்த்துப்போயிற்று, போராட்டம் நீர்த்துப்போயிற்று என்பன நாளிதழ் வழக்கு. ‘நீர்த்துப்போகப் போக வீரியம் ஏறும்’ என்று ஒரு பாத்திரம் கூறினால், ஆங்கில மூலத்தில் இல்லாத சொல்முரண் ஒன்று தமிழில் இயல்பாகவே தோன்றும்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. மூலத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவின் குறுகிய, கடுமையான கட்டளை நடையும் ஹோமியோபதியின் பொருளும் மோதுகின்றன. தமிழ் மருத்துவமனைகளின் கட்டளை நடை ஆங்கிலம் கலந்த பேச்சு வழக்கில் அமைந்தது: ‘ட்ரிப்ஸ் போடுங்க’, ‘பிரஷர் பாருங்க’ என்பனபோல. இந்நடையை விடுத்து, ‘குருதி அழுத்தத்தைக் கணிப்பீராக’ என்று எழுதினால் நடையே நகைப்புக்குரியதாகிவிடும். கூற்றின் அபத்தம் அதனுள் மறைந்துவிடும். இரட்டை வழக்கு மொழியாகிய தமிழில், உயர் வழக்கைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதே ஒரு நகைச்சுவை உத்தி. எனவே எவ்விடத்தில் நடை நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

பார்வையாளரின் முன்னறிவும் இங்கு வேறுபடுகிறது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவை அறிவியல் தொழில்நுட்பக் குழு, ஹோமியோபதி மருந்துகள் போலி மாத்திரையைவிட மிகுந்த பயன் தருவதில்லை என 2010இல் அறிக்கை அளித்தது. அவற்றை எழுதித்தரும் வழக்கத்தை நிறுத்துமாறு இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணி 2017இல் பரிந்துரைத்தது. இந்தியாவிலோ இம்முறை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அரசின் ஏற்பைப் பெற்றது. அங்கு விளிம்புநிலை நம்பிக்கையை நோக்கிய எள்ளல், இங்கு அரசு ஏற்ற கல்வித்துறை ஒன்றை நோக்கியதாக மாறுகிறது. சொற்கள் மாறாவிடினும் எள்ளலின் திசையும் எடையும் மாறிவிடுகின்றன.

3. தெளிந்த சொல்லும் இருண்ட சொல்லும்

அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசையில் 2003 முதல் 2010 வரை எட்டுப் பருவங்கள் ஒளிபரப்பான ‘பென் அண்ட் டெல்லர்: புல்ஷிட்!’ என்னும் நிகழ்ச்சியை மேடை வித்தைக் கலைஞர்களாகிய பென் ஜில்லெட்டும் டெல்லரும் நடத்தினர். பென் பேசுவார், டெல்லர் பேசுவதில்லை. ஏமாற்றும் கலையைத் தொழிலாகக் கொண்டவர்களே ஏமாற்றை வெளிப்படுத்துவது இந்நிகழ்ச்சிக்கு வலுச் சேர்த்தது. இதன் முதற் பருவத்து நிகழ்வுகள் இரண்டு சொல்லாக்கத் துறையினரின் கவனத்திற்குரியன.

முதல் நிகழ்வில், உணவகம் ஒன்றில் தண்ணீருக்கெனத் தனிப் பரிமாறுபவர் ஒருவர் விலையுயர்ந்த புட்டிகளின் பட்டியலை நீட்டுகிறார். விருந்தினர் ஒவ்வொரு நீரின் சுவையையும் வேறுபடுத்திப் புகழ்கின்றனர். எல்லாப் புட்டிகளும் உணவகத்தின் பின்புறத்தில் இருந்த தோட்டக் குழாயில் நிரப்பப்பட்டவை. ஒரு புட்டியின் பெயர் ‘லோ த்யு ரொபினே’. பிரெஞ்சு மொழியில் இதன் பொருள் ‘குழாய்த் தண்ணீர்’ என்பதே. உண்மை சீட்டிலேயே எழுதப்பட்டிருந்தும் மொழியின் மதிப்பு அதனை மறைத்துவிட்டது.

இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? பிரெஞ்சுப் பெயரை அப்படியே வைத்து விளக்கம் தந்தால் பொருள் விளங்கும், அனுபவம் கிட்டாது. ஈடான உத்தி ஒன்று இந்திய மொழிச் சூழலிலேயே உள்ளது. இந்தியில் ‘நல்’ என்பது குழாயையும் ‘ஜல்’ என்பது நீரையும் குறிக்கும். ‘நல் ஜல்’ என்று சீட்டில் எழுதினால், தமிழ்ச் செவிக்கு அது நல்ல நீர் என ஒலிக்கும். பொருளோ குழாய் நீர். மதிப்புடைய அயற்சொல், தவறான பொருளுணர்வு, கண்முன்னே கிடக்கும் உண்மை ஆகிய மூன்றும் இதில் காக்கப்படுகின்றன.

இரண்டாம் நிகழ்வில், சுற்றுச்சூழல் ஆர்வலர் கூடிய இடத்தில் டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்னும் பொருளைத் தடைசெய்யக் கோரும் விண்ணப்பம் சுற்றுக்கு விடப்படுகிறது. அது ஏரிகளிலும் ஆறுகளிலும் காணப்படுவது, தொழிற்சாலைகளில் பயன்படுவது என்று கூறப்பட்ட செய்திகளில் பொய் எதுவும் இல்லை. பலர் கையொப்பமிடுகின்றனர். அப்பொருள் தண்ணீர்.

இந்நகைச்சுவை கலைச்சொல்லின் இருண்மையால் நிகழ்கிறது. தனித்தமிழ்க் கலைச்சொல் கொண்டு இதனைப் பெயர்க்க இயலாது. ஹைட்ரஜனுக்கு வழங்கும் ‘நீரகம்’ என்னும் சொல்லில் ‘நீர்’ வெளிப்படையாக நிற்பதால், விண்ணப்பம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஐதரசன், ஒட்சிசன் என்னும் இலங்கை வழக்கின்படி ‘ஈரைதரசன் ஓரொட்சைட்டு’ என அமைத்தாலும், ஒலிபெயர்ப்பாக ‘டைஹைட்ரஜன் மோனாக்சைடு’ என வைத்தாலும் இருண்மை காக்கப்படும். கிரேக்கம் அறிந்தவர்க்கு மூலச் சொல்லிலும் நீர் தெரியும் என்பது நினைக்கத்தக்கது. ஆங்கிலப் பார்வையாளருள் பெரும்பாலோர்க்கு அது தெரியாமையே நகைச்சுவைக்கு இடம் தந்தது.

கலைச்சொல்லாக்கம் பற்றிய நெடுநாள் விவாதத்திற்கு இங்கு ஒரு புறச்சான்று கிடைக்கிறது. தாய்மொழி வேர் கொண்ட கலைச்சொல், அச்சுறுத்தும் கருவியாகப் பயன்படுவது கடினம். ஆயினும் இதனை மிகைப்படுத்துதல் ஆகாது. ‘ஆற்றல்’, ‘அதிர்வு’, ‘ஈர்ப்பு’ முதலிய தெளிந்த தமிழ்ச் சொற்களும் இயற்பியலில் தமக்குள்ள வரையறையை இழந்து, வாழ்வியல் விளம்பரங்களில் உலவுகின்றன. இருண்ட சொல் அச்சத்தால் மயக்கும். தெளிந்த சொல் பழக்கத்தால் மயக்கும்.

4. வசவும் குற்றச்சாட்டும்

மேற்கூறிய நிகழ்ச்சியின் தலைப்பிற்கு அதன் முதல் நிகழ்விலேயே விளக்கம் தரப்பட்டது. ஒருவரைப் பொய்யர் என்றோ மோசடிக்காரர் என்றோ கூறினால் வழக்கு வரலாம்; வசைச்சொல்லால் திட்டினால் சட்டப்படி இடர் குறைவு என்பது பென் தந்த காரணம். மொழியியல் நோக்கில் இது நுட்பமான வேறுபாடு. ‘மோசடி’ என்பது மெய்யா பொய்யா என ஆராயத்தக்க கூற்று. வசவு என்பது மனப்பாங்கின் வெளிப்பாடு. அதற்கு மெய்ம்மை மதிப்பு இல்லை.

தலைப்புச் சொல்லின் நேர்ப்பொருள் எருதின் சாணம். தமிழில் ‘சாணம்’ என்பதை இவ்விடத்தில் வைக்க இயலாது. வாசல் தெளிக்கவும் தரை மெழுகவும் பயன்படும் சாணம் தமிழ்ப் பண்பாட்டில் தூய்மையோடு சேர்த்து எண்ணப்படுவது. ‘புரட்டு’, ‘பித்தலாட்டம்’ ஆகியவை ஏமாற்றும் உள்நோக்கத்தைச் சுட்டுவதால் குற்றச்சாட்டாகிவிடும். தலைப்பு எதனைத் தவிர்க்க முயன்றதோ அதனையே பெயர்ப்பு செய்துவிடும். இந்தியாவில் அவதூறு உரிமையியல் வழக்குக்கு மட்டுமன்றிக் குற்றவியல் தண்டனைக்கும் உரியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அது இடம்பெறுகிறது. எனவே இத்தேர்வு நடையழகு பற்றியது மட்டுமன்று.

மெய்யியலறிஞர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1986இல் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை வரையறுத்தார். பொய்யன் உண்மையை அறிந்து அதனை மறைப்பவன். இச்சொல்லுக்குரியவனோ தான் கூறுவது உண்மையா என்பது பற்றிக் கவலையற்றவன். இவ்வரையறைக்கு அணுக்கமான தமிழ் வழக்கு ‘அளத்தல்’. ‘அளந்துவிடுகிறார்’ என்னும் தொடர் பொய் என்றும் கூறாது, மெய் என்றும் ஏற்காது. பேசுபவரின் பொறுப்பின்மையை மட்டும் சுட்டும். ‘அளப்பு’ என்னும் பெயர், மூலத்தின் கொச்சைத்தன்மையை இழந்தாலும் அதன் பொருளையும் சட்டநிலையையும் காக்கிறது.

5. ‘தடுக்கலாம்’: வினைமுற்று செய்யும் பொய்

ஜான் ஆலிவர் நடத்தும் ‘லாஸ்ட் வீக் டுநைட்’ நிகழ்ச்சி எச்.பி.ஓ. அலைவரிசையில் 2014இல் தொடங்கியது. 2016 மே 8 அன்று ஒளிபரப்பான அதன் பகுதி, அறிவியல் ஆய்வுகள் செய்தியாகும்போது நிகழும் திரிபை எடுத்துக்கொண்டது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2014இல், செல்களின் இழைமணிகளுக்கு மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டுசெல்லும் சேர்மம் ஒன்றை ஆராய்ந்தனர். செய்திகளில் அது, குசுவை முகர்ந்தால் புற்றுநோய் தடுக்கப்படக்கூடும் என்று உருமாறியது. இங்கு எள்ளப்படுபவர் ஆய்வாளர் அல்லர். ஆய்வுக்கும் பார்வையாளருக்கும் இடையே நிற்கும் செய்தியாளர். மொழிபெயர்ப்பாளரும் அதே இடைவெளியில் நிற்பவரே.

ஆங்கிலத்தில் இத்திரிபு பெரும்பாலும் ஐயம் குறிக்கும் துணைவினை நீங்குவதால் நேர்கிறது. தமிழில் துணைவினை நீங்காமலே இது நிகழும். ‘-லாம்’ ஈற்று வினைமுற்று, வாய்ப்பு, இயலுகை, இசைவு ஆகிய மூன்று பொருள்களிலும் வரும். ‘மழை பெய்யலாம்’ என்பது வாய்ப்பு. ‘இவ்வழியே போகலாம்’ என்பது இயலுகை. ‘நீ போகலாம்’ என்பது இசைவு. ‘காபி குடித்துப் புற்றுநோயைத் தடுக்கலாம்’ என்னும் தலைப்பை வாசகர் வாய்ப்புப் பொருளில் கொள்வது அரிது; இயலுகைப் பொருளே முன்னிற்கும். ‘தடுக்கக்கூடும்’ என்னும் வடிவம் இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கும். அவ்வாறே ‘தொடர்புடையது’ என்னும் புள்ளியியல் கூற்று ‘காரணம்’ என்றும், ‘காட்டுகிறது’ என்பது ‘நிரூபித்துள்ளது’ என்றும் பெயர்க்கப்படும்போது, மூலத்தில் இல்லாத உறுதி தமிழில் பிறக்கிறது.

இதே நிகழ்ச்சி 2014 மே 11 அன்று காலநிலை மாற்றம் பற்றிய தொலைக்காட்சி விவாதங்களை எள்ளியது. ஒருவருக்கு ஒருவர் என அமர்த்தும் வழக்கமான விவாதம் இரு தரப்பும் சமம் என்ற தோற்றத்தைத் தருகிறது. கருத்துத் தெரிவித்த ஆய்வுக்கட்டுரைகளில் 97 விழுக்காடு, புவி வெப்பமாதலுக்கு மனிதர் காரணம் என்பதை ஏற்பதாக 2013இல் வெளியான ஆய்வு கண்டிருந்தது. அவ்விகிதத்தையே மேடையில் காட்டும்பொருட்டு, மறுப்போர் மூவருக்கு எதிரே அறிவியல் பரப்புநர் பில் நையுடன் மேலும் 96 பேர் நிறுத்தப்பட்டனர். ‘இரு தரப்பு’ என்னும் சொல் மறைத்த அளவை, நெரிசல் வெளிப்படுத்தியது. இக்காட்சிக்குப் பெயர்ப்பே தேவையில்லை. காட்சி பேசும் இடத்தில் துணையுரை அடங்கியிருப்பது நன்று.

6. மந்திரமும் சிரிப்பும்

2008 மார்ச் 3 அன்று இந்தியா டி.வி. என்னும் இந்தி அலைவரிசையின் நேரலையில், மந்திரத்தால் மூன்று நிமிடங்களில் ஒருவரைக் கொல்ல இயலும் என்று தாந்திரிகர் ஒருவர் கூறினார். பகுத்தறிவாளர் சனல் இடமருகு தம்மீதே அதனைச் சோதிக்குமாறு அறைகூவினார். மந்திரம் ஓதப்பட்டது, நேரம் நீண்டது, இடமருகு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வணங்கும் வலிய தெய்வம் ஏதோ அவரைக் காப்பதாகத் தாந்திரிகர் காரணம் கூற, தாம் இறைமறுப்பாளர் என்று இடமருகு விடையளித்தார். அன்றிரவு திறந்தவெளியில் நடந்த மறுமுயற்சியும் பயனளிக்கவில்லை.

இது எழுதி நடிக்கப்பட்ட நகைச்சுவை அன்று. ஆயினும் மேற்கூறிய அமைப்பு இதில் முழுமையாக உள்ளது: கூற்று ஏற்கப்பட்டது, முடிவு வரை நடத்தப்பட்டது, தானே உடைந்தது. ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய செயற்கூற்றுக் கொள்கையின்படி, சொல்லுதலே செய்தலாகும் கூற்று நிறைவேறுவதற்கு அவ்வழக்கை அவையினர் ஏற்றிருத்தல் வேண்டும். கொலை மந்திரத்தின் உண்மையான விளைவு கேட்பவரிடம் எழும் அச்சமே. அச்சம் எழவேண்டிய இடத்தில் சிரிப்பு எழுந்தபோது, மந்திரம் செயலாகும் தகுதியை இழந்து வெறும் ஒலியாயிற்று.

7. எல்லைகள்

எள்ளல் உண்மையின் பக்கமே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘பென் அண்ட் டெல்லர்’ நிகழ்ச்சி 2003இல், பிறர் விடும் புகையிலைப் புகையால் அருகிலுள்ளோர்க்கு நேரும் தீங்கையும் கட்டுக்கதை என எள்ளியது. புகைக்காதவர்க்கும் அப்புகையால் நோய் உண்டாகும் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை 1986இலேயே கூறியிருந்தது. 2006ஆம் ஆண்டின் அறிக்கை அதனை மேலும் வலியுறுத்தியது. தம் நிலைப்பாடு தவறாக இருக்கலாம் என்று பென் பின்னர் ஒப்புக்கொண்டார். ஹோமியோபதியை எள்ளிய அதே உத்தி மெய்யான மருத்துவ முடிவையும் எள்ளப் பயன்படும் என்பதை இது காட்டுகிறது. சிரிப்பு மெய்ம்மைக்குச் சான்றாகாது. சான்றை நினைவில் நிறுத்தும் துணையே ஆகும்.

எள்ளப்படுபவர் யார் என்பது இரண்டாவது எல்லை. மருத்துவமனை நாடகம் ஒரு கோட்பாட்டை எள்ளியது. ஆலிவர் செய்தித் தொழிலை எள்ளினார். உணவகக் காட்சியோ நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தது. தொல்காப்பியப் பகுப்பின்படி முன்னவை எள்ளல். பின்னது பிறரது மடன் பொருளாகப் பிறந்த நகை. தம்மை மடவோர் எனக் காட்டும் நிகழ்ச்சியை நம்பிக்கையாளர் ஏற்பது கடினம். தமிழ்த் திரைப்படத்தில் என். எஸ். கிருஷ்ணனும் (1908–1957), அவர் வழியில் விவேக்கும் (1961–2021) மூடநம்பிக்கைகளைச் சாடியபோது, பாமரரின் பேச்சு வழக்கிலேயே, அவருள் ஒருவராக நின்று சாடினர். மறுப்பு நகைச்சுவையைப் பெயர்ப்போர்க்கு இந்நடை கைவசமுள்ள முன்மாதிரி.

பயன் உண்டா என்னும் வினாவிற்கு ஓரளவு விடை உள்ளது. ஆலிவரின் காலநிலை விவாதக் காட்சியைக் கண்டவர்களிடம், அறிவியலாளருள் பெரும்பாலோர் இதில் ஒத்த கருத்துடையவர் என்ற புரிதல் கூடியது என்றும், அறிவியலில் ஆர்வம் குறைந்தவர்களிடம் இவ்விளைவு மிகுதி என்றும் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர் பால் புரூவரும் அவருடன் ஆய்ந்தவரும் 2017இல் வெளியிட்ட சோதனை ஆய்வு கண்டது. அறிவியல் கட்டுரை சென்றடையாதவரை நகைச்சுவை சென்றடையக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

8. முடிவுரை

அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றென 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் இந்திய அரசமைப்பில் சேர்த்தது. மாயத் தீர்வுகளை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1954 முதல் உள்ளது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். சொல்லின் மயக்கத்தைத் தெளிவிப்பது மொழி அறிந்தோர் பணி. அப்பணியில் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன நான்கு. எள்ளப்படும் கூற்றைத் தமிழ்ப் பார்வையாளர் அறிவரா என்பது முதலாவது. கலைச்சொல் அவ்விடத்தில் தெளிவாக இருக்க வேண்டுமா, இருண்டிருக்க வேண்டுமா என்பது இரண்டாவது. வசவு குற்றச்சாட்டாக மாறிவிட்டதா என்பது மூன்றாவது. ஐயம் குறிக்கும் வினைமுற்று உறுதி குறிப்பதாக வாசிக்கப்படுமா என்பது நான்காவது.

துணையுரை திரையில் நிற்கும் சில நொடிகளில் இந்நான்கிற்கும் விடை காண்பது எளிதன்று. எல்லாவற்றையும் காக்க இயலாத இடத்தில், சிரிப்பை இழந்தேனும் மறுப்பைக் காப்பதே முறை. சிரிப்பை இழந்த துணையுரை சுவை குன்றியது. மறுப்பை இழந்த துணையுரையோ, தான் எதிர்க்க வந்த கூற்றுக்கே விளம்பரமாகிவிடும்.